மரமில்லாத ஊரின் குளிர்

ஒன்றைத் தாங்கியவனுக்கு அந்த ஒன்றைத் தெரியும் என்று சொல்லலாமா? சபாரத்தினத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. காய்ச்சலில் கிடந்து எழும்பியவரை நாம் வைத்தியர் என்று அழைப்பதில்லை. ஆனால் குளிரில் கிடந்து எழும்பியவர்கள் குளிருக்கு ஆசிரியர்களாகிவிடுகிறார்கள். ஒஸ்லோவில் நம்மவர்கள் பத்துப் பேர் கூடுகிற எந்த இடத்திலும் அப்படி ஒருவரைக் காணலாம். பெரும்பாலும் அவர்தான் அதிகம் பேசிக்கொண்டிருப்பார்.

சபாரத்தினம் நோர்வேக்கு வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. வந்த கொஞ்ச நாளிலேயே நாட்டின் வட நுனியில், பின்மார்க் கடலோரத்து மீன் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனார். எட்டு வருடம் அங்கே மீன் வெட்டினார். சூரியன் இரண்டு மாதம் தலைகாட்டாத ஊர். புயல் நாட்களில் வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனதாகச் சொல்வார். அது பொய்யல்ல. அவரோடு அங்கே வேலை செய்த இருவர் அதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர்கள் அதை ஒருமுறைதான் சொன்னார்கள்.

பிறகு ஒஸ்லோவுக்கு வந்தார். பெரிய வெதுப்பகம் ஒன்றில் வேலை கிடைத்தது. அதன் பிறகான முப்பது வருடத்தில் பெரும்பகுதியை பாண் வேகும் சூளையின் முன்னால் கழித்தார். அந்தச் சூட்டிலிருந்து வெளியே வந்து, பேருந்துத் தரிப்பிடத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்து, "இது குளிரே? ஃபிரிட்ஜைத் திறந்து வைச்ச மாதிரிக் கிடக்கு" என்பார். மனைவி சிவமலர் இதைப் பல வருடம் கேட்டவர். "வடக்கிலை இருந்து என்னத்தைக் கொண்டு வந்தனீங்கள்? முழங்கால் நோவைத்தானே" என்று ஒருநாள் கோயில் மண்டபத்தில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். சபாரத்தினம் சிரிக்கவில்லை.

ஒஸ்லோவின் மாரி உண்மையிலேயே இளகிக்கொண்டுதான் வருகிறது. பனி விழுவதும், மழை பெய்து அது கரைவதும், கரைந்தது இரவில் உறைவதுமாக, ஒரு தீர்மானத்துக்கும் வராத மாரி. ஆகவே அவருடைய ஏளனத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஆதாரம் கூடியது. தவறான எண்ணத்துக்கு இப்படித் தொடர்ந்து ஆதாரம் கிடைப்பதைவிட மோசமான விபத்து ஒரு மனிதனுக்கு நேர முடியாது.

எட்டு வருடங்களுக்கு முன், நகரின் வடகிழக்கு ஓரத்தில், ஸ்தோவ்நெர் என்ற புறநகரைத் தாண்டிக் காடு தொடங்கும் இடத்தில் ஒரு மரவீடு வாங்கினார். வீதி ஏறிப்போய் அங்கேயே முடிந்துவிடும். மொத்தம் ஏழு வீடுகள். இருப்பறையின் மூலையில் கறுத்த இரும்பில் ஒரு விறகடுப்பு இருந்தது. அது நின்றது ஈசான மூலையில். சாமி இருக்க வேண்டிய மூலையில் நெருப்பும் கரியும் இருப்பது சரியில்லை என்று சிவமலர் ஒரு சொல் சொன்னார். அவருக்கு அது ஒரு மனக்குறை மட்டும்தான். சபாரத்தினத்துக்கோ அது ஒரு வாய்ப்பு. ஒரே மாதத்தில் அடுப்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குக் கொடுத்து, புகைபோக்கியின் வாயைப் பூசி அடைத்து, அந்தச் சுவரில் வெள்ளை மரத்தில் சாமித்தட்டு அடித்தார். வீட்டைச் சூடாக்க மின்சாரத்தில் ஓடும் வெப்பக்காற்றுப் பெட்டி போதும் என்றார்.

எதிர்வீட்டு எமிலியா அடுப்பு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தனியே இருப்பவர்.

"மின்சாரம் போனால் என்ன செய்வாய், சபா?"

"ஒஸ்லோவில் மின்சாரம் போகாது."

"எங்கே போகும்?"

"வடக்கில் போகும். எனக்குத் தெரியும்."

எமிலியா மேலே ஒன்றும் சொல்லவில்லை. இந்த நாட்டு மனிதர்களின் இந்தக் குணத்தை நாகரிகம் என்பதா அலட்சியம் என்பதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வண்டிக் கொட்டகையையும் சபாரத்தினம் மாற்றினார். மீன் குழம்பும் பொரியலும் வீட்டுக்குள் மணக்கக்கூடாது என்பதற்காக அங்கே எரிவாயு அடுப்பு வைத்தார். கோடையில் இறைச்சி சுட வாங்கிய கரி மூட்டைகளும் அங்கேதான். கார் வெளியே நின்றது. நம்மவர் வீடுகளில் இது வழமை. பிறகு அரசாங்கம் வீட்டுக்கு வீடு ஒரு சிறு கையேடு அனுப்பியது: ஒரு வாரம் தாங்குமளவுக்குத் தண்ணீர், உணவு, மின்சாரமில்லாமல் சூடேற்ற ஒரு வழி எல்லாம் வைத்திருங்கள் என்று. அது சபாரத்தினம் வீட்டில் ஈரச் சப்பாத்துகளின் கீழே கிடந்து ஊறியது.

மகள் மயூரா தைமாதத் தொடக்கத்தில் பிள்ளை பெற்றாள். பெண் பிள்ளை. வயிற்றை வெட்டி எடுத்த பேறு. மயூராவின் கணவன் கபிலன் மேற்குக் கரையில், ஸ்தவாங்கர் நகரில் எண்ணெய்த் தொழிலில் இருப்பவன். லீவு முடிந்து திரும்பிப் போக வேண்டியிருந்தது. பேற்றுத் துடக்கு நீங்கும் முப்பத்தோராம் நாள், அந்த முப்பத்தொன்று, கழியும்வரை தாயும் பிள்ளையும் அம்மா வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று. அறையை அடைத்து வைத்தல், பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் காயச் சரக்கு, பிள்ளைக்கு ஒத்தணம் என்று சிவமலர் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். தணல் இல்லாததுதான் அவருக்குக் குறை. ஊரில் தணற்சட்டியில் உள்ளங்கையைக் காட்டிச் சூடாக்கிப் பிள்ளையின் நெற்றியிலும் வயிற்றிலும் ஒற்றுவார்கள். இங்கே மின்னடுப்பின் கண்ணாடியில் கை வைத்துச் சூடாக்க வேண்டியிருந்தது. "இது கையைச் சுடுமே தவிரப் பிள்ளைக்குப் போய்ச் சேராது" என்பார்.

பிள்ளைக்கு மூன்று வாரமானபோது அந்தப் பனி வந்தது.

அதுவரை மாரி சொதசொதவென்று இருந்தது. நிலம் உறையவே இல்லை. அன்று வெப்பநிலை சரியாகப் பூச்சியத்தில் நின்றுகொண்டு, முதலில் மழை, பிறகு ஈரப்பனி, பிறகும் மழை, பிறகும் பனி என்று ஒரு பகலும் இரவும் கொட்டியது, அதன் பிறகும் விட்டுவிட்டுப் பெய்தது. ஈரப்பனி தூள்பனி போன்றதல்ல. அது ஒட்டும், ஏறி உட்காரும், பாரமாகும். காட்டில் மரங்கள் சுமை தாங்காமல் சாயத் தொடங்கின. நிலம் உறைந்திருந்தால் வேர் பிடித்திருக்கும். உறையாத சேற்றில் பிடிக்க என்ன இருக்கிறது? காலையில் ஒரு பெரிய ஊசியிலை மரம் மின்கம்பிகளின் மேல் விழுந்தது. ஏழு வீடுகளிலும் மின்சாரம் நின்றது.

சபாரத்தினம் வாசலில் நின்று பார்த்தார். "இதெல்லாம் ஒரு பனியே? வடக்கிலை ஒருக்கா யன்னலுக்கு மேலாலை ஏறி வெளியாலை வந்தனான்" என்றார். அவர் எட்டு வருடம் இருந்த கடலோரத்தில் மரமே கிடையாது என்பது அப்போது யாருக்கும் நினைவில் வரவில்லை. விழுவதற்கு ஒன்றுமில்லாத ஊரில் கற்ற பாடம் அது.

மின்சாரக் கம்பனி கைபேசிக்குச் செய்தி அனுப்பியது: மாலைக்குள் சரியாகும். மயூரா தன் வீட்டுக்குப் போகலாம் என்றாள். அவளுடைய அடுக்குமாடி நகரத்துக்குள், குறொன்லாண்ட் பக்கம். அங்கே விளக்கு எரிந்தது. சூட்டுநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்பா, இப்பவே வெளிக்கிட்டால் போகலாம். ரோட்டு இன்னும் திறந்துதான் கிடக்கு."

"பின்னேரம் கறண்ட் வந்திடும் எண்டு அவங்களே போட்டிருக்கிறாங்கள்."

"வராட்டி?"

"வராட்டி என்ன, சாகிறமே? நான் இருக்கிறன்தானே."

"முப்பத்தொண்டு கழியேல்லை, பிள்ளை" என்றார் சிவமலர். "பச்சை உடம்பு. இந்த ஈரக் காத்துக்குள்ளை எங்கை போறது?"

அன்று போயிருந்தால் எழுத ஒன்றுமில்லை. இதை எழுதுகிறபோதுகூட அந்த மூன்று மனிதர்களையும் பிடித்துக் காருக்குள் ஏற்ற வேண்டும் போலிருக்கிறது. மதியத்துக்கு முன் இன்னொரு மரம் விழுந்தது. காரின் கூரையை நசுக்கிக்கொண்டு விழுந்தது. வீதியின் வளைவில் மேலும் நாலைந்து மரங்கள் குறுக்கே கிடந்தன. பனி வழிக்கும் வண்டி கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கம்பனியின் செய்தி மாலை என்பதை இரவாக மாற்றியது. பிறகு நாளை என்றது. பிறகு அலைபேசிக் கோபுரமும் செத்தது. ஒரு செய்தியும் வரவில்லை.

பொழுது சாய்கிறபோது எமிலியா வந்தார். தொடையளவு பனிக்குள் மண்வெட்டியால் வழி வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"அடுப்பு எரிகிறது. எல்லாரும் வாருங்கள். என் படுக்கையறையைத் தாய்க்கும் பிள்ளைக்கும் தருகிறேன்."

"நன்றி. எங்களுக்கு இது பழக்கம்" என்றார் சபாரத்தினம்.

"யாருக்குப் பழக்கம்? இந்தக் குழந்தை பிறந்து மூன்று வாரம்."

எமிலியா கொண்டுவந்த இரண்டு கம்பளிகளை வைத்துவிட்டு, "கதவைப் பூட்டமாட்டேன்" என்று சொல்லிப் போனார்.

மயூரா அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ கூப்பிட்டது கேட்டதே, அப்பா?"

"கேட்டது."

"நான் நடக்க ஏலுமெண்டால் எப்பவோ போயிருப்பன்."

"ஆற்றையும் வீட்டிலை போய்ப் படுக்கிற குடும்பமே நாங்கள்? ஒரு இரவு. வடக்கிலை..."

"அப்பா, வடக்கை விடுங்கோ. அங்கை உங்களுக்கு இருபத்திரண்டு வயசு. உங்களட்டைப் பிள்ளையும் இருக்கேல்லை."

தையல் காயத்தோடு அந்தப் பனிக்குள் அவளால் இறங்க முடியாது. பிள்ளையை யாராவது தூக்க வேண்டும். அவளையும் தாங்க வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் வீட்டில் ஒருவர்தான். ஆகவே அவருடைய சொல்தான் நடந்தது. அந்த இரவு பிள்ளையை நடுவில் வைத்து மூன்று பேரும் ஒரே கட்டிலில் கிடந்தார்கள். விடிந்தபோது பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. பிள்ளையின் கைவிரல்கள் குளிர்ந்துபோயிருந்தன.

அப்போதுதான் தணல் என்ற எண்ணம் வந்தது. யாருக்கு முதலில் வந்தது என்பதில் வீட்டில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. கொட்டகையில் கரி இருந்தது. எரிவாயு அடுப்பில் வைத்துக் கரியைச் சிவக்கச் செய்து, பழைய இரும்புச் சட்டியில் போட்டுச் சபாரத்தினம் அறைக்குள் கொண்டுவந்தார். சிவமலர் முகத்தில் இரண்டு நாளுக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. கையைக் காட்டிப் பிள்ளைக்கு ஒற்றினார். பிள்ளையின் விரல்கள் சூடேறின. சூடு வெளியேறிவிடக்கூடாது என்று கதவின் கீழே ஒரு சேலையைச் சுருட்டி அடைத்தார். யன்னலின் மேலே காற்றுக்காக விட்டிருந்த சிறிய வாயைச் சபாரத்தினம் ஒட்டுத்தாளால் மூடினார்.

ஊரில் தணற்சட்டி தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்றவளின் அறையில் இருந்தது. ஒருவரும் சாகவில்லை. அந்த வீடுகளில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் குருவி புகுந்து போகுமளவு இடைவெளி இருந்தது. சட்டியை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். குருவி புகுந்த இடைவெளியை யாரும் வழக்கம் என்று கணக்கில் எடுப்பதில்லை. யன்னல் விளிம்பெல்லாம் ரப்பர் வைத்து இறுக்கிய நோர்வே வீட்டுக்குள் அதே சட்டி வேறு பொருள்.

சபாரத்தினம் பெரும்பாலும் வெளியே இருந்தார். கொட்டகையில் கஞ்சி வைத்தார், வாசல் பனியை வழித்தார், கரி சிவந்ததும் கொண்டுவந்து சட்டியில் போட்டுவிட்டுப் போனார். அதனால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மதியம் தாண்டிய பிறகு சிவமலர் தலை இடிக்கிறது என்றார்.

"ரா முழுக்க நித்திரை இல்லை. அதுதான்" என்றார் சபாரத்தினம். "கொஞ்ச நேரம் சரிஞ்சு படுத்திரும்."

அடுத்த முறை கரி கொண்டுவந்தபோது சிவமலர் ஒரு வாளிக்குள் வாந்தி எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. சபாரத்தினம் அதைக் குளிர் என்று எடுத்துக்கொண்டார். சட்டியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்ட இழுத்தார்.

"அப்பா." மயூராவின் குரல் இழுபட்டது. "பிள்ளை பால் குடிக்குதில்லை. எழுப்பினாலும் எழும்புதில்லை."

"கதகதப்பு. நல்லாய் நித்திரை கொள்ளுது."

"எனக்குக் கால் வழங்குதில்லை, அப்பா. சட்டியை வெளியாலை கொண்டு போங்கோ. யன்னலைத் திறவுங்கோ."

"பிள்ளைக்குக் காத்துப் படும்."

"திறவுங்கோ. கரிப்புகை இது. பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவை, கூடாரத்துக்குள்ளை கொண்டு போகக்கூடாதெண்டு. இதிலை மணமே இருக்காது."

"வடக்கிலை..."

"அப்பா, என்ரை பிள்ளை சாகுது."

அவள் கத்தவில்லை, கத்துவதற்கு அவளிடம் மூச்சு இருக்கவில்லை. சபாரத்தினம் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று மயூராவிடம் கேட்டால், நீண்ட நேரம் என்கிறாள். அந்த நிலையில் இருந்த ஒருத்தியின் கணக்கை நம்ப முடியாது. ஆனால் அவர் நின்றார் என்பதை நம்பலாம். பிறகு யன்னலைத் திறந்தார். சட்டியை வெறுங்கையால் தூக்கி யன்னலுக்கு வெளியே எறிந்தார். பனியில் அது சீறிக்கொண்டு புதைந்தது. கதவடியில் கிடந்த சேலையை உதைத்துத் தள்ளினார். ஒவ்வொரு அறையாகப் போய் எல்லா யன்னல்களையும் திறந்தார்.

பிள்ளையைத் தன் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, எமிலியா வெட்டிய வழியால் இறங்கினார். தலைக்கு மேலே மரங்கள் முறிந்துகொண்டிருந்தன. கதவு சொன்னபடி பூட்டாமல் இருந்தது. எமிலியாவின் கையில் பிள்ளையைக் கொடுத்து, "கரி. அறைக்குள் கரி வைத்தேன்" என்றார். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பி ஓடிப்போய் மயூராவைத் தூக்கி வந்தார். மூன்றாவது தடவை எமிலியாவும் கூடப் போய் இருவருமாகச் சிவமலரைக் கொண்டுவந்தார்கள். அந்த முழங்கால்களோடு அவர் அதைச் செய்தார் என்று இங்கே நம்மவர்கள் வியந்து பேசுகிறார்கள். செய்ய வேண்டியதை ஒரு நாள் பிந்திச் செய்தவரை வியக்க என்னால் முடியவில்லை.

எமிலியாவிடம் வேறு வலையமைப்பின் கைபேசி ஒன்று இருந்தது. அது வேலை செய்தது. அதில் பேசிய அவசர மருத்துவர் ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டு, எல்லாரையும் வாசலில் வைத்து மூச்சு எடுக்கச் சொன்னார். வெளிக்காற்றில் பிள்ளை முதலில் முனகியது, பிறகு அழுதது. மயூரா அந்த அழுகையைக் கேட்டுத் தானும் அழுதாள். இருட்டுவதற்கு முன் செஞ்சிலுவைத் தொண்டர்கள் இருவர் சங்கிலிச் சக்கர வண்டி ஒன்றில் காட்டுக்குள்ளால் சுற்றி ஏறி வந்தார்கள். மூவருக்கும் மூக்கில் ஒட்சிசன் வைத்தார்கள். வைத்தியசாலையில் இரண்டு நாள் வைத்திருந்து, பிள்ளைக்குப் பழுது ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். கபிலன் விமானம் ஓடாததால் ரயிலில் வந்து சேர்ந்து, நேரே வைத்தியசாலைக்குப் போனான். பிறகு பிள்ளையோடு தங்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். முப்பத்தொன்று அங்கேதான் கழிந்தது.

வண்டி புறப்படுகிறபோது அதில் ஒரு இடம் இருந்தது. தொண்டன் இளம் பிள்ளை, கதவைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் ஏறுங்கள். உங்களையும் பார்க்க வேண்டும்" என்றான்.

"இஞ்சேருங்கோ, ஏறுங்கோ" என்றார் சிவமலர் உள்ளேயிருந்து. குரல் கம்மியிருந்தது.

சபாரத்தினம் தலையை ஆட்டினார். அவருடைய கைகள் இரண்டிலும் சட்டி சுட்ட இடம் கொப்பளித்திருந்தது. எமிலியா அதைக் கண்டு, "அப்படியென்றால் என் வீட்டுக்கு வா, சபா. கைக்கு மருந்து போட வேண்டும். அடுப்படியில் படுக்கலாம்" என்றார். அதற்கும் தலையை ஆட்டினார். வண்டி இறங்கிப் போகும்வரை நின்றுவிட்டு, தன் வீட்டுக்கு ஏறிப் போனார்.

மின்சாரம் வர மேலும் இரண்டு நாளாயிற்று. அவர் அந்த வீட்டிலேயே தங்கியதைப் பயம் என்று சொல்லலாம், வெட்கம் என்று சொல்லலாம், தண்டனை என்றும் சொல்லலாம். மூன்றையும் நம்மவர்கள் சொன்னார்கள். சிவமலர் வீடு திரும்பியதும் ஏன் என்று நேராகவே கேட்டார். மயூரா இரண்டு தடவை கேட்டாள். அவர் "ஒண்டுமில்லை" என்றார். இப்போதும் அதைத்தான் சொல்கிறார்.

எமிலியா தன் குசினி யன்னலிலிருந்து கண்டதை மட்டும் சொல்கிறார். மாலையில் சூப் கொண்டுபோனபோது சபாரத்தினம் வாசலில் வந்து வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். கதவைச் சாத்தினார். ஆனால் யன்னல்களைச் சாத்தவில்லை. அந்த இரண்டு நாளும், கம்பி திருத்துகிறவர்கள் வந்து விளக்கு எரியும்வரை, எல்லா யன்னல்களையும் விரியத் திறந்துவிட்டு, உள்ளே பனி வந்து விழ, அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார்.